வரிசையும் விலையும்

கேளிக்கைப் பூங்காவில் கூட்டத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது ஒரு தினசரி தலையங்கம் எழுதுவதற்குரிய விஷயமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். ராட்டினத்தில் யார் முதலில் ஏறினால் என்ன, யார் பிறகு ஏறினால் என்ன என்று அவர்கள் நினைப்பது இயல்பே. ஆனால் இடம் கொஞ்சம், வேண்டுவோர் ஏராளம் என்ற நிலை எங்கே ஏற்பட்டாலும், 'யாருக்கு முதலில், எந்த நியாயப்படி?' என்ற கேள்வி அங்கே எழுந்தே தீரும். ரயில் வண்டியிலும், ஆஸ்பத்திரியிலும், ரேஷன் கடையிலும் எழும் கேள்வி அதுவே. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வாகனங்களில் செல்வோர் 2024 மே 7 முதல் இ-பாஸ் பெறவேண்டும் என்று சென்னை ஹைக்கோர்ட் உத்தரவிட்ட பிறகு, அந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. இதற்கு விதவிதமான விடைகளை எழுபது ஆண்டுகளாகப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனி. அதன் அனுபவத்தில் நாம் பின்பற்றத்தக்கவை சில உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கவை அவற்றினும் அதிகம் உண்டு.

1955 ஜூலை 17-ஆம் தேதி, காலிபோர்னியாவில் ஆனஹைம் என்ற ஊரில் வால்ட் டிஸ்னி தமது பூங்காவைத் திறந்தார். அன்று அழைப்புச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பது ஏற்பாடு. ஆனால் கள்ளச் சீட்டுகளின் உபயத்தால் அழைக்கப்படாதவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே புகுந்துவிட்டார்கள். சுமார் 28,000 பேர் நெருக்கியடித்தார்கள் என்பது கணக்கு. வெயிலோ கடுமை. குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் இல்லை. புதிதாகப் போட்ட தார் இளகி, ஸ்திரீகளின் குதிகால் செருப்புகள் அதில் பதிந்தன. இன்ன நாளில் இத்தனை பேர்தான் வருவார்கள் என்ற நிச்சயம் இல்லாவிட்டால், எவ்வளவு பணம் கொட்டிக் கட்டினாலும் ஏற்பாடு குலைந்துபோகும் என்பதைக் கம்பெனி முதல் நாளே கற்றுக்கொண்டது.

அவ்வாண்டு அக்டோபரில் சீட்டுப் புத்தக முறை வந்தது. வாயிற் கட்டணத்தோடு ஒரு சிறு புத்தகம்; அதில் ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். 1959-இல் மிகப் பெரிய சவாரிகளுக்காக 'இ' சீட்டும் சேர்ந்தது. உயர்ந்த தரச் சீட்டுகள் ஒரு புத்தகத்தில் சிலவே இருக்கும். ஆகவே ஜனங்கள் அனைவரும் ஒரே சவாரியின் வாசலில் திரளாமல், கையில் மிஞ்சிய சீட்டுகளைப் பயன்படுத்தச் சிறிய சவாரிகளுக்கும் கலைந்து சென்றார்கள். கையில் பணம் உள்ளவன் கூடுதலாகச் சீட்டு வாங்கலாம். ஆனால் வாங்கியவனும் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்கவேண்டும். இதை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டுகிறோம். பணம் அங்கே சவாரியை வாங்கிற்று, முன்னுரிமையை வாங்கவில்லை. 1982-இல் இம்முறை கைவிடப்பட்டு, ஒரே கட்டணத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. கட்டணத்துக்குப் பதில் காத்திருத்தலே அதன் பிறகு சவாரிகளைப் பங்கிட்டது.

இதற்குப் பரிகாரமாக 1999-இல் வந்தது 'பாஸ்ட் பாஸ்'. சவாரியின் வாசலிலுள்ள இயந்திரத்தில் தமது நுழைவுச் சீட்டைச் செருகினால், இன்ன மணிக்கு மேல் இன்ன மணிக்குள் திரும்பி வரலாம் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு வரும். அதுவரை வேறெங்காவது சுற்றிவிட்டு, குறித்த நேரத்தில் தனி வழியே உள்ளே போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. நுழைவுச் சீட்டு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இந்த உரிமை இருந்தது.

இந்த ஏற்பாட்டால் காத்திருத்தல் ஒழிந்ததா? இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். மணிக்கு 1,500 பேரை ஏற்றிச் செல்லும் சவாரி ஒன்று இருப்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வாசலில் 1,000 பேர் நிற்கிறார்கள். முன்பதிவு இல்லையென்றால் கடைசியில் நிற்பவன் 40 நிமிஷத்தில் ஏறிவிடுவான். மணிக்கு 1,000 இடங்களை முன்பதிவுக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டால், வரிசைக்கு மிஞ்சுவது 500 இடங்களே. கடைசியில் நிற்பவன் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சீட்டுப் பெற்றவர்கள் வரிசையில் நிற்கவில்லையே, ஆகையால் வரிசையும் குறையுமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. வேறொரு சவாரியின் வரிசையில் போய் நிற்கிறார்கள். அங்கே வரிசை நீளுகிறது. முன்பதிவினால் ஆசனங்களின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகமாவதில்லை. காத்திருத்தல் என்ற சுமை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறுகிறது. எல்லோருக்கும் ஒரே உரிமை இருந்த வரையில், ஒரு சவாரியில் சுமந்தவன் இன்னொரு சவாரியில் இறக்கிவைத்தான். ஆகவே யாரும் பெரிதாக முறையிடவில்லை.

பிளாரிடாவிலுள்ள பூங்காக்களில் 2014-இல் இத்திட்டம் முன்கூட்டியே பதிவு செய்யும் முறையாக விரிந்தது. அங்கேதான் முதல் விரிசல் தெரிந்தது. கம்பெனியின் சொந்த விடுதிகளில் தங்குவோர் 60 நாள் முன்னதாகவே நேரம் குறித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு 30 நாள். முதலில் வந்தவனுக்கு முதலில் என்ற நியாயம், விடுதி வாடகை கொடுத்தவனுக்கு முதலில் என்பதாக மெதுவாக மாறத் தொடங்கிற்று.

அப்பொழுது வந்தது கொரோனா கொள்ளைநோய். ஆனஹைம் பூங்கா 2020 மார்ச் 14-இல் மூடப்பட்டு, 2021 ஏப்ரல் 30-இல்தான் மறுபடியும் திறந்தது. ஷாங்காய் பூங்கா 2020 மே 11-இல், வழக்கமான கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு உட்பட்டே ஜனங்களை அனுமதித்துத் திறக்கப்பட்டது. பிளாரிடாப் பூங்காக்கள் 2020 ஜூலை 11 முதல் திறந்தன. எங்கும் ஒரே நிபந்தனை: நுழைவுச் சீட்டு மட்டும் போதாது, இன்ன தேதியில் இன்ன பூங்காவுக்கு என்று முன்பதிவும் வேண்டும். இதை யாரும் குறை கூறவில்லை. குறை கூறவும் முடியாது. நெரிசலே நோயைப் பரப்பும் என்றிருந்த காலத்தில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது முற்றிலும் நியாயமே.

நோய் தணிந்தது, நிபந்தனை தணியவில்லை. பிளாரிடாவில் தேதி குறித்த சீட்டு வாங்கியவர்களுக்குத் தனி முன்பதிவு வேண்டாம் என்ற நிலை 2024 ஜனவரி 9-இல்தான் வந்தது. கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவோம். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னதாகத் தெரிந்தால், அதற்குத் தக்கபடி சிப்பந்திகளை நியமிக்கலாம், உணவு தயாரிக்கலாம். நெடுந்தூரம் பிரயாணம் செய்து குழந்தைகளோடு வாசலில் வந்து நிற்கும் குடும்பம், 'உள்ளே இடமில்லை' என்ற அறிவிப்பைக் கண்டு அழுதுகொண்டு திரும்பவேண்டிய நிலை நேராது. இவை உண்மையான நன்மைகள். எண்ணிக்கையை வரையறுப்பதே அநியாயம் என்று வாதிப்பவர்களோடு நாம் சேரவில்லை. வரையறுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதே நமது கேள்வி.

அதற்கு விடை ஒரு வழக்கில் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் ஆனஹைம் பூங்காவுக்கென்று 'மேஜிக் கீ' என்ற பெயரில் வருஷச் சீட்டுகள் நான்கு வகையில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் மிக உயர்ந்தது 'ட்ரீம் கீ'. விலை 1,399 டாலர். தடை நாள் எதுவும் இதற்கு இல்லை என்று கம்பெனி விளம்பரம் செய்தது. வாங்கியவர்களோ, முன்பதிவு செய்யப் போனால் பல நாட்களில் இடமில்லை என்ற பதிலையே கண்டார்கள். அதே நாட்களுக்கு ஒரு நாள் டிக்கட் மட்டும் தாராளமாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பது வாதி தரப்பின் குற்றச்சாட்டு. 2021 நவம்பரில் தாவா தொடரப்பட்டது. முன்பதிவு, இடம் இருப்பதைப் பொறுத்தது என்று நிபந்தனைகளிலேயே கண்டிருக்கிறது என்றும், தடை நாள் வேறு, இடமில்லாத நாள் வேறு என்றும் கம்பெனி வாதித்தது. வழக்கை அடியோடு தள்ளிவிட நீதிபதி இசையவில்லை. கடைசியில் 2023-இல், குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமல், 95 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. பங்கு பெறவேண்டியவர்கள் லட்சத்துக்கு மேற்பட்டவர்களாதலால், செலவு போகத் தலைக்குக் கிடைக்கக் கூடியது 67 டாலர் அளவில் என்று கணக்கிட்டார்கள்.

சட்ட நுணுக்கம் எப்படியானாலும், சாமானிய அறிவுக்கு எட்டும் நியாயம் ஒன்று இதில் இருக்கிறது. தடை நாள் இல்லை என்று ஒரு கையால் எழுதிக்கொடுத்துவிட்டு, இடமில்லை என்று மறு கையால் கதவைச் சாத்தினால், உள்ளே போக முடியாதவனுக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இடம் இருந்ததா இல்லையா என்பது கதவை வைத்திருப்பவனுக்கு மட்டுமே தெரியும். வெளியே நிற்பவன் அவன் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய காலத்துக் கூட்டத்தில் நெரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பதிவுப் புத்தகத்திலுள்ள நெரிசல் யார் கண்ணுக்கும் தெரியாது.

இன்னொரு சம்பவமும் கவனிக்கத்தக்கது. 2022 ஆகஸ்டில் கம்பெனி தனது காலாண்டுக் கணக்கை வெளியிட்டபொழுது, ஆனஹைமில் வருவோரின் 'கலப்பு' அனுகூலமாக இல்லை என்று ஒரு வாசகம் அதில் இருந்தது. எப்போதாவது வந்து தாராளமாகச் செலவிட்டுப் போகிறவர்களைக் காட்டிலும், வருஷச் சீட்டு வாங்கி அடிக்கடி வந்து போகிறவர்களால் தலைக்கு வருமானம் குறைவு என்பதுதான் இதன் தாத்பரியம். அவர்களோ அப்பூங்காவின் மேல் உள்ள பிரியத்தால் பல ஆண்டுகளாக வருகிறவர்கள். குழந்தையாக வந்து, தம் குழந்தைகளையும் அழைத்து வருகிறவர்கள். அவர்களில் பலர் அந்தச் சொல்லையே சட்டையில் அச்சிட்டு அணிந்துகொண்டு பரிகாசம் செய்தார்கள். பரிகாசத்துக்கு அடியில் இருந்த மனத்தாங்கல் நியாயமானது. முன்பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு, எத்தனை பேர் வரவேண்டும் என்பதை மட்டுமல்ல, எப்படிப்பட்டவர்கள் வரவேண்டும் என்பதையும் தீர்மானிக்கும் சக்தி வந்துவிடுகிறது. அதை லாபக் கணக்கோடு சேர்த்துவிட்டால், விருந்தாளி கணக்குப் புத்தகத்தில் ஒரு நஷ்ட இனமாகிவிடுகிறான்.

இதோடு நிற்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இலவசமாக இருந்த பாஸ்ட் பாஸ் 2021-இல் ஒழிக்கப்பட்டது. அதன் ஸ்தானத்தில் அவ்வாண்டு அக்டோபரில் 'ஜீனி பிளஸ்' வந்தது. பிளாரிடாவில் நாளொன்றுக்குத் தலைக்கு 15 டாலர். டிசம்பரில் ஆனஹைமுக்கு வந்தபொழுது 20 டாலர். கொடுத்தவர்களுக்கு 'லைட்னிங் லேன்' என்ற மின்னல் வழி. கொடாதவர்களுக்குப் பழைய வரிசை. மிகவும் விரும்பப்படும் சில சவாரிகளுக்குத் தனி விலை. 2024 அக்டோபரில் இன்னும் ஒரு படி ஏறி, நேரக் கட்டுப்பாடே இல்லாத உயர்தர மின்னல் வழிச் சீட்டு ஒன்று பிளாரிடாவில் அறிமுகமாயிற்று. நாளையும் பூங்காவையும் பொறுத்து அதன் விலை அப்பொழுது 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை இருந்தது. இது நுழைவுச் சீட்டுக்கு மேற்பட்ட தொகை; ஓர் ஆளுக்கு, ஒரு நாளுக்கு.

இங்கேதான் நமது ஆட்சேபம் இருக்கிறது. கடைக்காரன் தன் சரக்கை எந்த விலைக்கும் விற்கலாம். வாங்குவதும் வாங்காததும் நம் இஷ்டம். ஆனால் மின்னல் வழியில் விற்கப்படும் சரக்கு எது? மேலே போட்ட கணக்கை நேயர்கள் மறுபடியும் பார்க்கட்டும். ஆசனம் ஒன்றுகூட அதிகமாகவில்லை. பணம் கொடுத்தவன் மிச்சப்படுத்திய நேரம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. பணம் கொடாமல் வெயிலில் நிற்பவனிடமிருந்து எடுக்கப்பட்டது. அதாவது, கம்பெனி விற்பது தன் பொருளையன்று. வரிசையில் நிற்பவனுடைய பொழுதை. அவனும் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறான். அவன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. விலையில் அவனுக்குப் பங்கும் கிடையாது. பிறர் சொத்தை விற்றுக் கிரயம் பெறுவதை எந்தத் தேசத்துச் சட்டமும் அனுமதிப்பதில்லை. பொழுதைச் சொத்தாகச் சட்டம் இன்னும் கருதவில்லை என்பதனால்தான் இவ்வியாபாரம் நடக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வரிசை நீளமாக இருந்தால்தான் மின்னல் வழிக்கு விலை உண்டு. எல்லோரும் பத்து நிமிஷத்தில் ஏறிவிடுவதானால் யார் 15 டாலர் கொடுப்பார்கள்? ஆகவே வரிசையைக் குறைக்கவேண்டிய கடமையுள்ளவருக்கே, வரிசை குறையாதிருப்பதில் ஆதாயம் ஏற்பட்டுவிடுகிறது. கம்பெனி வேண்டுமென்றே வரிசையை வளர்க்கிறது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்தில் லாபம் உள்ளவனிடம் ஏரி மதகின் சாவியைக் கொடுத்து வைப்பது புத்திசாலித்தனமாகாது. அவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் சரி.

இதற்குப் பொருளாதாரப் பண்டிதர்கள் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர் அதிகம் கொடுக்கிறார். அந்த வருமானத்தால் புதிய சவாரிகள் கட்டப்படுகின்றன. முடிவில் எல்லோருக்கும் நன்மை என்பது அது. ஒருவருடைய ஆசையின் அளவைப் பணத்தால் அளக்கலாம் என்பதே இதன் அஸ்திவாரம். எல்லோர் பையிலும் ஒரே அளவு பணம் இருந்தால் அந்த அளவுகோல் சரியாக இருக்கலாம். ஒரு தனவந்தருக்கு 449 டாலர் ஒரு வேளை விருந்துச் செலவு. வருஷமெல்லாம் மிச்சம் பிடித்துக் குழந்தைகளை அழைத்து வந்த தொழிலாளிக்கு அது குடும்பத்தின் ஒரு வாரச் சாப்பாடு. தொழிலாளியின் குழந்தைக்கு ஆசை குறைவு என்று இதிலிருந்து யாராவது அநுமானம் செய்தால், அவர் குழந்தைகளையும் அறியார், ஆசையையும் அறியார். பொழுது ஒன்றுதான் செல்வனுக்கும் ஏழைக்கும் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி என்று சமமாக அளக்கப்பட்டிருக்கிறது. அதைக்கொண்டு விலை கொடுக்கும் வரிசை என்ற ஏற்பாட்டில் ஒரு குடியரசுத் தன்மை இருக்கிறது.

வேறு வழியே இல்லையா என்றால், ஜப்பானைப் பார்க்கலாம். டோக்கியோவிலுள்ள டிஸ்னி பூங்காக்களை நடத்துவது ஓரியண்டல் லாண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி. நோய்க்கு முன் 2018-ஆம் நிதியாண்டில் அங்கே 3 கோடியே 25 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நோய்க்குப் பிறகு, நாளொன்றுக்கு அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கையை முன்னிலும் குறைத்து, வருவோருக்கு நெரிசலற்ற அனுபவம் தருவது என்று அக்கம்பெனி 2022-இல் பகிரங்கமாகத் திட்டம் வெளியிட்டது. கட்டணம் கொடுத்து முந்தும் வழி அங்கேயும் 2022-இல் வந்தது. ஆனால் 2023 ஜூலையில் இலவசமாக நேரம் குறித்துக்கொள்ளும் சீட்டும் சில சவாரிகளுக்கு ஏற்பட்டது. அவர்களும் தர்மத்துக்காகக் கடை வைக்கவில்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் கூட்டமுள்ள நாட்களில் 10,900 யென் வரை 2023 அக்டோபரில் உயர்ந்தது. ஆயினும் விலையை வாசலிலேயே சொல்லிவிட்டு, உள்ளே வருவோரின் தொகையைக் குறைப்பது, உள்ளே விட்டபின் அவர்களுக்குள் மேல் கீழ் பிரித்து விற்பதைக் காட்டிலும் நேர்மையானது என்பது நமது அபிப்பிராயம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இ-பாஸ் முறை தொடக்கத்தில் எண்ணுவதற்காகவே ஏற்பட்டது, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அதன் பிறகே 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள கோடைக்கு ஹைக்கோர்ட் உச்ச வரம்பு விதித்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கோடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் பொதுப் பஸ்களுக்கும் விலக்கு உண்டு. நீலகிரி வியாபாரிகள் அந்த ஏப்ரலில் கடையடைப்புச் செய்து தங்கள் அதிருப்தியைத் தெரிவித்தார்கள். அவர்கள் பிழைப்பைப் பற்றிய கவலை அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும் முதலில் எண்ணியது, பிறகு எண்ணிக்கையை எல்லோரும் அறிய வெளியிட்டது, பஸ்ஸில் வரும் ஏழைக்குத் தடை வைக்காதது, பாஸுக்கு விலை வைக்காதது என்ற நான்கும் சரியான காரியங்கள். டிஸ்னி கம்பெனியின் சரித்திரத்தைப் பார்த்த பிறகு அவற்றின் அருமை நன்றாக விளங்கும்.

அந்தச் சரித்திரமே நமக்கு எச்சரிக்கையுமாகும். அங்கேயும் தொடக்கம் இலவசமாகத்தான் இருந்தது. முதலில் ஒழுங்குக்காக ஒரு சீட்டு; பிறகு விடுதியில் தங்குவோருக்குச் சலுகை; பிறகு 15 டாலர்; பிறகு 449 டாலர். ஒவ்வொரு படியும் சிறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. நாளைக்கு இங்கேயும் யாராவது ஒரு யோசனைக்காரர், 'விரைவு பாஸ் என்று ஒன்று வைத்தால் சர்க்காருக்கு வருமானம் வருமே' என்று கிளம்பக்கூடும். ஒரு வாகனம் கூடுதலாகக் கட்டணம் கொடுத்துவிட்டால் மலைப்பாதை ஓர் அடிகூட அகலமாகிவிடாது என்று அவருக்குப் பதில் சொல்லவேண்டும்.

இடம் குறைவானால் எண்ணிக்கையை வரையறுக்கட்டும். அந்த எண்ணிக்கை எது, எத்தனை இடம் கொடுக்கப்பட்டது, எத்தனை மீதி என்பதை நாள்தோறும் ஜனங்கள் அறியச் செய்யட்டும். பாஸ் எடுத்து வராதவர்களின் இடம் மற்றவர்களுக்குத் திரும்பட்டும். கைபேசியும் அதை இயக்கும் பழக்கமும் இல்லாதவர்களுக்கு ஓர் அலுவலக ஜன்னலாவது திறந்திருக்கட்டும். முன்னுரிமை வேண்டுமானால் அதை நோயாளிக்கும், முதியவருக்கும், அங்கஹீனருக்கும் கொடுக்கட்டும், விலைக்குக் கொடுக்கவேண்டாம். வரிசையில் நிற்பதை நம் ஜனங்கள் ஒருபோதும் வெறுத்ததில்லை. தமக்கு முன்னால் நிற்பவர் தமக்கு முன்னால் வந்தவர்தான் என்ற நம்பிக்கை இருக்கும் வரையில் எவ்வளவு நேரமும் நிற்பார்கள். அந்த நம்பிக்கையை விற்று வரும் பணம் எவ்வளவு பெரிய தொகையானாலும், பொதுக் காரியத்தை நடத்துகிறவர்களுக்கு அது நஷ்ட வியாபாரமே.